குப்பிக்குள் கொடுநோய்

"ஐயா! பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று பாடத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கிருமியை இன்னும் பூட்டி வைத்திருக்கிறார்களாமே! ஒழித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு ஒளித்து வைப்பானேன்?"

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று எழுப்பிய வினா இது. அதற்குச் சற்று முன்னர்தான் இன்னொருவன், தன் பாட்டியின் கையிலுள்ள வட்டத் தழும்பைப் பற்றிக் கேட்டிருந்தான். அம்மை குத்திய தழும்பு என்றேன். தழும்பிலிருந்து பேச்சு நோய்க்குப் போயிற்று. நோயிலிருந்து கிருமிக்குப் போயிற்று. கிருமியிலிருந்து குப்பிக்குப் போயிற்று. மணி அடித்தது, வகுப்பு முடிந்தது, வினா மட்டும் முடியவில்லை.

ஒழித்தல், ஒளித்தல் - இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. அந்த ஓரெழுத்து வேறுபாட்டுக்குள் இருநூறு ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாகச் சொல்ல முயல்கிறேன். சிறுவன் கேட்டது சிறு கேள்வி அல்ல, தோழர்களே! உலக நாடுகளின் சுகாதாரப் பேரவை பல ஆண்டுகள் கூடிக் கூடிப் பேசியும் இறுதி விடை காணாத கேள்வி அது.

வைசூரி ஆண்ட நாள்

வைசூரி என்ற சொல்லைக் கேட்டாலே வீடு நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. உடலெங்கும் கொப்புளம், அனலாய்க் காய்ச்சல், பிழைத்தால் முகத்தில் குழி, சிலருக்குக் கண்ணில் ஒளியில்லை. கடுமையான வகை கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் மாண்டனர். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடிப் பேரை இந்நோய் கொன்றது என்று மதிப்பிடுகிறார்கள். மாளிகையையும் அது விட்டதில்லை. பிரெஞ்சு மன்னன் பதினைந்தாம் லூயி 1774ஆம் ஆண்டு மாண்டது இந்நோயால்தான். மணிமுடியைக் கண்டு கிருமி மண்டியிடுவதில்லை!

நம் நாட்டில் அம்மன் வந்தாள் என்றார்கள். வேப்பிலை கட்டினார்கள், கூழ் ஊற்றினார்கள், தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளைப் பழிக்க நான் வரவில்லை. மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை, காரணம் சொல்வாரும் இல்லை என்ற நிலையில், அவள் வேறு எங்கே போவாள்? காரணம் தெரிந்த பிறகும் அதை அவளிடம் சொல்லாமல், அச்சத்தை அப்படியே வைத்து ஆதாயம் தேடியவர்கள்தாம் பழிக்குரியவர்கள்.

1796ஆம் ஆண்டு மே 14 அன்று, இங்கிலாந்தின் சிற்றூர் மருத்துவர் எட்வர்டு ஜென்னர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தினார். பின்னர்ப் பெரியம்மையையே குத்திப் பார்த்தார்; நோய் பற்றவில்லை. வழி கிடைத்தது. அடுத்த நொடியே ஒரு வினாவும் பிறந்தது: இந்தக் கொப்புள நீரை எங்கே வைப்பது? எதில் வைப்பது? எப்படி வைத்தால் கெடாமல் இருக்கும்?

இங்கேதான் நம் வரலாறு தொடங்குகிறது. நோயை வெல்லும் பொருளைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதைக் கெடாமல், கலக்காமல், காணாமற்போகாமல் காப்பது வேறொரு வேலை. முதல் வேலை செய்தவர்களுக்குச் சிலை உண்டு. இரண்டாம் வேலை செய்தவர்களுக்குப் பெயரும் இல்லை.

உயிருள்ள களஞ்சியம்

உறைபெட்டி இல்லாத காலம். கண்ணாடித் தகடுகளுக்கிடையே உலர்த்தி அனுப்பிப் பார்த்தார்கள். நூலில் தோய்த்து அனுப்பிப் பார்த்தார்கள். வெயிலும் நெடும்பயணமும் அதன் ஆற்றலைக் கொன்றன. கெடாமல் காக்க ஒரே பாத்திரம்தான் இருந்தது. அந்தப் பாத்திரம் மனித உடல்!

1803ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று, ஸ்பெயின் நாட்டின் லா கொருன்யா துறைமுகத்திலிருந்து 'மரியா பீட்டா' என்ற கப்பல் புறப்பட்டது. தலைவர் மருத்துவர் பால்மிஸ். சரக்கு என்ன? அனாதைச் சிறுவர் 22 பேர்! இருவருக்குக் குத்துவார்கள்; ஒன்பது பத்து நாளில் கொப்புளம் முற்றும்; அதிலிருந்து எடுத்து அடுத்த இருவருக்குக் குத்துவார்கள். இப்படிக் கைக்குக் கை மாறி, உயிரோடு கடலைக் கடந்தது மருந்து. அச்சிறுவரைக் கவனித்துக்கொள்ள உடன் சென்றவர் இசபெல் செந்தால் என்ற பெண்மணி. அமெரிக்க நாடுகளையும், பிறகு மெக்சிகோச் சிறுவர்களின் கைவழியே பிலிப்பைன்சையும் அது எட்டியது.

இந்தியாவுக்கு வந்ததும் இவ்வாறே. பாக்தாதிலிருந்து பாஸ்ரா வழியாகக் கைக்குக் கை மாறிப் பம்பாய் வந்தது. 1802ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அம்மை குத்தினார்கள். அவளுடைய கொப்புளத்திலிருந்தே பல ஊர்களுக்கு அது பரவிற்று, சென்னைக்கும் வந்தது.

எண்ணிப் பாருங்கள்! உலகத்தின் முதல் நோய்ப்பொருள் களஞ்சியம் கல்லால் கட்டியது அல்ல. ஏழைக் குழந்தைகளின் தோலால் ஆனது. பல்லாயிரம் உயிரைக் காத்த பயணம் அது, பாராட்டுவோம். ஆனால் அந்த 22 பேரும் ஏன் அனாதை விடுதியிலிருந்து எடுக்கப்பட்டார்கள், பிரபுக்களின் மாளிகையிலிருந்து ஏன் எடுக்கப்படவில்லை என்று கேட்காமல் பாராட்டிவிட்டுப் போக முடியுமா? கேட்பாரற்றவனின் உடலே முதலில் களஞ்சியமாயிற்று. இந்த வினாவை நினைவில் வையுங்கள். பின்னர் மீண்டும் வரும்.

ஒழித்தார்கள்

குழந்தையின் கையிலிருந்து கன்றின் தோலுக்கு மருந்து மாறிற்று. சென்னை கிண்டியில் 1899ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நிலையம், கன்றுகளில் அம்மைப்பால் எடுத்துச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பும் பணிக்காகவே பிறந்தது. இன்றும் கிங் நிலையம் என்ற பெயரில் நிற்கிறது. பிறகு 1950களில், உறையவைத்து உலர்த்தும் முறையை இலண்டன் லிஸ்டர் நிலையத்தில் காலியர் என்பவர் செம்மைப்படுத்தினார். வெப்ப நாட்டிலும் மாதக்கணக்கில் கெடாத மருந்து கிடைத்தது. கெடாமல் காக்கும் கலை கைவந்த பிறகே, உலகம் முழுவதும் ஒழிக்கலாம் என்ற துணிவு வந்தது.

1958ஆம் ஆண்டு உலகச் சுகாதாரப் பேரவையில் அந்த யோசனையை வைத்தது சோவியத் நாடு. 1967ஆம் ஆண்டு முடுக்கிவிடப்பட்ட பேரியக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் அமெரிக்கர் டி.ஏ. ஹெண்டர்சன். ஒருவரையொருவர் அணுகுண்டு காட்டி மிரட்டிக்கொண்டிருந்த இரு வல்லரசுகள், ஊசி முனையில் ஒன்று சேர்ந்தன! தொண்டர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். 1975ஆம் ஆண்டு இந்தியாவில் நோய் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் வங்கதேசத்தின் போலாத் தீவில் ஒரு சிறு குழந்தைக்கு வந்ததே, கடுமையான வகையில் இயற்கையாய் வந்த கடைசி நோய். 1977ஆம் ஆண்டு அக்டோபரில் சோமாலியாவின் மெர்க்கா நகரில், மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின் என்பவருக்கு வந்த இலேசான வகையே இயற்கையின் இறுதிக் கணக்கு. அவர் பிழைத்தார். பிற்காலத்தில் இளம்பிள்ளைவாத ஒழிப்புக்குத் தொண்டராய் உழைத்தார்.

1980ஆம் ஆண்டு மே 8 அன்று உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது: பெரியம்மை ஒழிந்தது. வேண்டுதலால் ஒழியவில்லை, வேள்வியால் ஒழியவில்லை, ஊசியால், உழைப்பால், ஊர் ஊராய் எழுதிய கணக்கால் ஒழிந்தது.

எனினும் ஓர் இடத்தில் அது ஒழியவில்லை. ஆராய்ச்சியாளரின் உறைபெட்டிகளில் அது உயிரோடு உறங்கிக்கொண்டிருந்தது.

மாடியில் ஓர் உயிர்

எழுபதுகளின் நடுவில் உலகில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்களில் பெரியம்மைக் கிருமி இருந்தது. சில நல்ல காவலில். சில பெயரளவுக் காவலில். அதன் விலை என்ன என்பதை 1973ஆம் ஆண்டே இலண்டன் கண்டிருந்தது. ஓர் ஆய்வுக்கூட உதவியாளருக்கு நோய் தொற்றியது. அவர் பிழைத்தார். ஆனால் மருத்துவமனையில் அவருக்கு அடுத்த படுக்கையிலிருந்த நோயாளியைப் பார்க்க வந்த இருவர் மாண்டார்கள்.

பாடம் கற்றார்களா? ஐந்தே ஆண்டில் அடுத்த அடி விழுந்தது. 1978ஆம் ஆண்டு ஆகஸ்டில், பர்மிங்காம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் நிழற்படக் கலைஞர் ஜேனட் பார்க்கர் நோயுற்றார். வயது 40. அவர் கிருமியைத் தொட்டவர் அல்லர். அவர் பணியாற்றிய அறைக்குக் கீழ்த் தளத்தில் பெரியம்மை ஆய்வுக்கூடம் இருந்தது, அவ்வளவுதான். செப்டம்பர் 11 அன்று அவர் இறந்தார். உலகில் பெரியம்மையால் மாண்ட கடைசி உயிர் அவருடையது. அவர் தாய்க்கும் தொற்றியது, தாய் பிழைத்தார். தந்தையோ, அதே நாட்களில் மாரடைப்பால் மாண்டார். ஆய்வுக்கூடத் தலைவர் பேராசிரியர் ஹென்றி பெட்சன், மனம் உடைந்து தன்னைத்தானே மாய்த்துக்கொண்டார்.

உலகச் சுகாதார நிறுவனம் அந்த ஆய்வுக்கூடத்தின் காவல் போதாது என்று முன்பே கவலை தெரிவித்திருந்தது. அவ்வாண்டு இறுதியில் மூடுவதாக முடிவும் இருந்தது. இன்னும் சில மாதம்தானே என்று வேலை தொடர்ந்தது. காற்றுக்குழாய் வழியே கிருமி மாடிக்கு ஏறியது என்று விசாரணைக் குழு கருதியது, நீதிமன்றத்தில் அது மெய்ப்பிக்கப்படவில்லை, பல்கலைக்கழகம் விடுவிக்கப்பட்டது. வழி எதுவாயினும் மாண்டவர் மீளவில்லை.

மூடநம்பிக்கை மட்டும்தான் கொல்லும் என்று எண்ணாதீர்கள், தோழர்களே! 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்ற நம்பிக்கை படித்தவனுக்கு வந்தால், அதுவும் மூடநம்பிக்கைதான். வெள்ளை அங்கி அணிந்திருப்பதால் அது பகுத்தறிவு ஆகிவிடாது.

பர்மிங்காமுக்குப் பிறகு உலகம் விழித்தது. பல நாடுகள் தம்மிடமிருந்த கிருமியை அழித்தன. சில நாடுகள் ஒப்படைத்தன. 1984ஆம் ஆண்டில் இரண்டே இடங்கள் எஞ்சின: ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டா, மற்றொன்று மாஸ்கோ. மாஸ்கோவிலிருந்தது 1994ஆம் ஆண்டு சைபீரியாவின் கோல்ட்சோவோவுக்கு மாற்றப்பட்டது. அட்லாண்டாவில் ஏறத்தாழ 450 மாதிரிகள். கோல்ட்சோவோவில் ஏறத்தாழ 120. உலகச் சுகாதார நிறுவனத்தார் இரண்டையும் சென்று சோதிப்பது வழக்கமாயிற்று. கணக்கு முடிந்தது என்று எல்லோரும் நம்பினார்கள்.

மறந்துபோன அட்டைப்பெட்டி

2014ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள். அமெரிக்காவின் பெத்தெஸ்டா நகரில், அரசு ஆராய்ச்சி வளாகம் ஒன்றின் குளிர்அறையை இடமாற்றத்துக்காக ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார் ஓர் ஆய்வாளர். அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே 327 குப்பிகள், பலவகைக் கிருமிகள், ஆறு குப்பிகளில் பெரியம்மை! 1954ஆம் ஆண்டுச் சரக்கு. அறுபது ஆண்டுகள் அங்கே அது இருந்திருக்கிறது. எந்தப் பேரேட்டிலும் அது இல்லை.

அவசரமாய் அட்லாண்டாவுக்கு எடுத்துச் சென்று சோதித்தார்கள். இரண்டு குப்பிகளில் கிருமி உயிரோடு இருந்தது! பின்னர், உலகச் சுகாதார நிறுவனத்தாரைச் சாட்சியாக வைத்து, 2015ஆம் ஆண்டு அவற்றை அழித்தார்கள்.

இரண்டே இடங்களில் இருக்கிறது என்று உலகுக்கு உறுதி கூறப்பட்டிருந்தது. பொய் சொன்னார்களா? இல்லை. எழுதி வைக்க மறந்தார்கள். ஆனால் கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான். மறதி என்பது மனிதனுக்கு இயல்பு. ஆகவேதான் பேரேடு தேவை. மனிதன் மறப்பான், மாறுவான், ஓய்வு பெறுவான், மறைவான். குப்பி அங்கேயே இருக்கும்.

அப்படியானால் ஏன் வைப்பது?

'எல்லாவற்றையும் கொளுத்திவிட்டால் போயிற்று!' என்று இளைஞன் ஒருவன் குமுறக்கூடும். பொறு தம்பி! களஞ்சியத்தின் மறுபக்கத்தையும் பார்.

1915ஆம் ஆண்டு, முதல் உலகப்போரின்போது, பிரான்சு நாட்டு மருத்துவமனையொன்றில் எர்னெஸ்ட் கேபிள் என்ற பிரிட்டானியச் சிப்பாய் சீதபேதியால் இறந்தார். அவர் உடலிலிருந்து எடுத்த கிருமி, 1920ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கப்பெற்ற தேசியக் கிருமிக் களஞ்சியத்தில் முதல் எண்ணாகப் பதிவாயிற்று. நூறாண்டு அளவில் அது கெடாமல் காக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு அதை எழுப்பி ஆராய்ந்தார்கள். கண்டது என்ன? பெனிசிலினுக்கு அது அடங்கவில்லை! பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1928ஆம் ஆண்டு. மருந்து பிறக்கும் முன்பே மருந்தை எதிர்க்கும் ஆற்றல் கிருமியிடம் இருந்திருக்கிறது. இன்று மருந்துக்கு மசியாத நோய்களோடு மல்லாடும் மருத்துவ உலகுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! கல்லறையில் கிடப்பவர் பேசவில்லை. களஞ்சியக் குப்பி பேசிற்று.

இன்னொன்று. 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சல். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் கிருமி எத்தகையது என்பது அன்று எவருக்கும் தெரியாது. அமெரிக்கப் படை மருத்துவக் காட்சிச்சாலையில், அக்காய்ச்சலால் மாண்ட சிப்பாய்களின் நுரையீரல் துணுக்குகள் மெழுகுக் கட்டியில் பொதிந்து வைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ எண்பதாண்டு சென்றபின், டாபன்பெர்கர் என்பவரின் குழு அதிலிருந்து கிருமியின் மரபுச் செய்தியைப் பிரித்தெடுத்து 1997ஆம் ஆண்டு வெளியிட்டது. அதைப் படித்த முதிய மருத்துவர் யோகன் ஹுல்டின், தம் 72ஆம் வயதில் அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் சிற்றூருக்குப் புறப்பட்டார். 1918ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வூரின் பெரியவர்கள் 80 பேரில் 72 பேரை அக்காய்ச்சல் கொன்றது. உறைபனி மண்ணில் அவர்கள் புதைக்கப்பட்டனர். ஊர்ப் பெரியவர்களிடம் இசைவு கேட்டார் ஹுல்டின், பெற்றார், பிறகே தோண்டினார். 2005ஆம் ஆண்டு கிருமியின் முழு அமைப்பும் தெரிந்தது.

மெழுகுக் கட்டிக்குப் பெயர் எழுதி, எண் இட்டு, அடுக்கி வைத்த குமாஸ்தா யாரோ! தன் கையெழுத்து எண்பதாண்டுக்குப் பிறகு உலகுக்குப் பயன்படும் என்று அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

ஆகவே, காப்பதால் வரும் நன்மை கற்பனை அல்ல. காவாமல் விட்டால் வரும் தீமையும் கற்பனை அல்ல.

அழிப்பதா, காப்பதா?

பெரியம்மைக்கு வருவோம். எஞ்சியதை அழித்துவிட வேண்டும் என்பது பேரவையின் முடிவு. 1993 இறுதி என்று நாள் குறித்தார்கள், தள்ளிப்போயிற்று. 1999 ஜூன் 30 என்றார்கள்; தள்ளிப்போயிற்று. 2002, 2011 என்று ஒத்திவைப்பு நீண்டது.

வேண்டும் என்போர் சொல்வது: புது மருந்தைச் சோதிக்க உயிருள்ள கிருமி தேவை. 1980க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்நோயைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. மறைந்த குப்பி ஒன்று வெளிப்பட்டால் என்ன செய்வது? இவ்வாதத்தில் உண்மை உண்டு. பெரியம்மைக்கென உருவான டெக்கோவிரிமாட் என்ற மருந்து 2018ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

வேண்டாம் என்போர் சொல்வது: குப்பி இருக்கும் வரை ஆபத்து இருக்கும். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் கோல்ட்சோவோ நிலையத்திலேயே எரிவாயு வெடித்துத் தீப்பிடித்தது. கிருமி இருந்த பகுதிக்குத் தீங்கில்லை என்று அறிவித்தார்கள். அடுத்த முறையும் அப்படியே இருக்கும் என்று யார் பிணை நிற்பது? அன்றியும், உலகம் முழுவதும் ஒப்படைத்துவிட, இரு வல்லரசுகள் மட்டும் வைத்திருப்பது என்ன நியாயம்?

இதற்கிடையில் இன்னொரு செய்தி வந்தது. பெரியம்மைக்கு உறவான குதிரையம்மைக் கிருமியை, விலைக்கு வாங்கிய மரபுத் துண்டுகளை ஒட்டியே உருவாக்கிவிட்டதாகக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு அறிவித்தார்கள். பெரியம்மையின் மரபுச் செய்தியோ 1990களிலேயே அச்சாகிவிட்டது. குப்பியை உடைத்தால் மட்டும் கிருமி ஒழிந்துவிடாது என்றாயிற்று!

என் கருத்தைக் கேட்டால், சொல்கிறேன். இன்ன ஆராய்ச்சிக்கு, இத்தனை காலத்துக்கு, இவ்வளவு மட்டும் என்று எழுதிக் காட்ட முடிந்தால் வைக்கலாம். எழுதிக் காட்ட முடியாத நாளில் அழித்துவிட வேண்டும். 'என்றைக்காவது உதவும்' என்பது கஞ்சனின் வாதம். விஞ்ஞானியின் வாதம் அல்ல.

யாருடைய உடல்? யாருடைய உடைமை?

22 அனாதைச் சிறுவரைப் பற்றிய வினாவை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அது இங்கே வருகிறது.

1951ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் புற்றுநோயால் இறந்தார். மருத்துவமனையில் அவர் உடலிலிருந்து, அவரைக் கேளாமலே எடுத்த உயிரணுக்கள் சோதனைக் குழாயில் ஓயாமல் பெருகின. இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைச் சோதிக்க அவை பயன்பட்டன. உலகெங்கும் விற்பனையாயின. குடும்பத்துக்கோ இருபதாண்டுக்கு மேல் செய்தியே தெரியாது. 2023ஆம் ஆண்டுதான், அவற்றால் ஆதாயம் பெற்ற நிறுவனம் ஒன்று அக்குடும்பத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது. உடல் அவளுடையது, உடைமை பிறருடையது!

மனிதருக்கு நேர்ந்தது நாடுகளுக்கும் நேர்ந்தது. பறவைக் காய்ச்சல் கிருமியை உலகுக்குக் கொடுத்துவந்த இந்தோனேசியா, அதிலிருந்து செய்யப்படும் தடுப்பு மருந்து தன் மக்களுக்கு எட்டாத விலையில் வரும் என்று கண்டு, 2007ஆம் ஆண்டு கொடுப்பதை நிறுத்திற்று. உலகம் பதறிற்று. பதறினால்தானே பேச்சு நடக்கும்! 2011ஆம் ஆண்டு பேரவையில் உடன்பாடு பிறந்தது: மாதிரியைப் பெறும் நிறுவனங்கள், மருந்திலோ பணத்திலோ ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும்.

நம் நாட்டிலும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகள், மாதிரியைக் கொடுத்தவருக்கே அதன்மேல் உரிமை, களஞ்சியம் காப்பாளர் மட்டுமே என்ற கொள்கையை வகுத்துள்ளன. எழுத்தில் வந்துவிட்டது. நடைமுறையில் வந்ததா என்று கேட்பது நம் கடமை. இரத்தம் எடுக்கும்போது கைந்நாட்டு வாங்குகிறார்களே, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேருக்குப் படித்துக் காட்டுகிறார்கள்?

கருவறையும் ஆய்வறையும்

நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "கருவறைக்குள் எல்லாரும் போகக்கூடாது என்றால் எதிர்க்கிறீர். ஆய்வறைக்குள் எல்லாரும் போகக்கூடாது என்றால் ஏற்கிறீர். இது என்ன நியாயம்?"

நல்ல கேள்வி. இரண்டும் பூட்டிய அறைதான். ஆனால் கருவறையின் பூட்டுக்குச் சாவி பிறப்பு. ஆய்வறையின் பூட்டுக்குச் சாவி பயிற்சி. சலவைத் தொழிலாளியின் மகள் கற்றுத் தேர்ந்தால் ஆய்வறைக்குள் போகலாம். எவரும் தீட்டென்று தடுக்க முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது கருவறையில் பாவம். ஆய்வறையில் அதுவே விதி. அங்கே கணக்கு இல்லை. இங்கே கணக்கே காவல்.

அந்தக் கணக்கு என்ன? ஒவ்வொரு குப்பிக்கும் ஓர் எண்; எவரிடமிருந்து, எந்நாளில், எவ்விடத்தில் எடுத்தது என்ற குறிப்பு; எந்தப் பெட்டியில், எந்த அடுக்கில் என்ற முகவரி. உறைகுளிர் நிற்காமலிருக்க மாற்று மின்சாரம். மிகுகுளிர் வேண்டுமானால் சுழிக்குக் கீழ் 196 பாகையில் திரவ நைட்ரசன். ஒருவர் தனியாய்த் திறக்காமல் இருவர் சேர்ந்து திறக்கும் ஒழுங்கு. எடுத்தால் கையொப்பம், வைத்தால் கையொப்பம், அழித்தால் சாட்சி. கொடியதையும் நல்லதையும் ஒரே இடத்தில் வளர்க்காத கண்டிப்பு. 1930ஆம் ஆண்டு ஜெர்மனியின் லூபெக் நகரில், காசநோய்த் தடுப்பு மருந்தில் உயிர்க்கொல்லிக் காசக் கிருமி கலந்துபோக, எழுபதுக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் மாண்டன. ஒரே ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் வைத்திருந்ததன் விளைவு அது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியாள் வந்து சோதிக்கும் உரிமை!

இந்த ஒழுங்கு தளர்ந்தால் என்ன ஆகும்? 'உள்ளே என்ன நடக்கிறது என்று நீ கேட்காதே; எனக்குத் தெரியும்' என்று விஞ்ஞானி சொல்லத் தொடங்கினால், அந்த நொடியில் அவர் பூசாரி ஆகிவிடுகிறார்; ஆய்வறை கருவறை ஆகிவிடுகிறது. பர்மிங்காமில் மாடியிலிருந்த பெண்ணுக்குக் கீழே என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை இருந்திருக்க வேண்டும். கேட்டால், சொல்லும் கடமை அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

பகுத்தறிவு என்பது விஞ்ஞானியை வணங்குவது அல்ல. விஞ்ஞானியையும் வினவுவது! மருத்துவமனைப் பயிற்சியில் இருக்கும் தோழன், ஆய்வுக்கூடத்தில் உதவியாளராய்ச் சேர்ந்திருக்கும் தங்கை, இதைப் படிக்கும் நீங்கள் - உங்கள் கையில் வரும் ஒவ்வொரு குப்பிக்கும் பெயர் எழுதுங்கள், நாள் எழுதுங்கள், ஏட்டில் ஏற்றுங்கள். மேலே உள்ளவர் 'பரவாயில்லை, பிறகு எழுதலாம்' என்றால், பெத்தெஸ்டாவின் அட்டைப்பெட்டியை நினைவுபடுத்துங்கள்.

மறுநாள் அந்த மாணவனுக்குச் சுருக்கமாக விடை சொன்னேன். "ஒளித்து வைத்தால் தவறு. எண்ணி வைத்து, எழுதி வைத்து, எவர் கேட்டாலும் காட்டும்படி வைத்தால் அது காவல். தேவை தீர்ந்த பின்னும் வைத்திருந்தால் மீண்டும் தவறு."

அவன் சற்று யோசித்துவிட்டு, "காட்டுகிறார்களா, ஐயா?" என்று கேட்டான்.

கேட்டுக்கொண்டே இரு என்றேன்.